இடது பக்கம் அம்மா, வலது பக்கம் ஊர்

எங்கள் ஊர் எங்களோடு பேசுவதை நிறுத்திய வருஷத்தில்தான் நான் ஒலிப்பதிவு படிக்கப் போனேன். யாரும் திட்டம் போட்டு இப்படிச் செய்யவில்லை. என்னுடைய பிளஸ் டூ மார்க்குக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு சமுதாயக் கல்லூரியில் இசைத் தொழில்நுட்பமும் ஒலிப்பதிவும் என்று ஒரு வருஷ டிப்ளமா இருந்தது, கேட்டவர்களுக்கெல்லாம் இடமும் இருந்தது. பாட்டு என்றால் உயிர், இசைதான் மூச்சு என்றெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அது பச்சைப் பொய்.

ஊர் பேசாமல் போனதற்குக் காரணம் அப்பா. குத்தாலத்துக்குத் தெற்கே, வாய்க்காலின் கடைசி வயல் எங்களுடையது. மேலே உள்ளவர்கள் எல்லாம் பாய்ச்சி முடித்த பிறகு தண்ணீர் மிச்சமிருந்தால் எங்களுக்கு வரும். பெரும்பாலும் வராது. அந்தப் பக்கம் எரிவாயுக் கிணறு தோண்ட ஒரு கம்பெனி வந்தபோது, ஒரு குழி நிலம்கூட யாரும் கொடுப்பதில்லை என்று ஊரே மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தது. அப்பாவும் அணைத்தார். பிறகு ஒருநாள் பட்டா நகலையும் அடங்கல் நகலையும் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். "எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சுங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி" என்றார்கள். அப்பா நம்பிவிட்டார். இரண்டு வீடு தள்ளிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஊரில் விழுந்த ஒரே கையெழுத்து அவருடையது.

எங்கள் வயல் வழியாகத்தான் லாரி உள்ளே போனது. போராட்டம் நடந்தது. எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களே ஆட்சிக்கு வந்ததும் ஆய்வு செய்கிறோம் என்றார்கள். ஆட்சியை விட்டு இறங்கியவர்கள் இப்போது வயலிலும் இறங்கினார்கள். சுவரில் சின்னம் மாறியது, வேறெதுவும் மாறவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று ஊருக்குத் தெரியவில்லை, கைக்கு எட்டிய இடத்தில் எங்கள் வீடு இருந்தது.

அதை மைக்கில்தான் சொன்னார்கள். எங்கள் ஊரில் எதையும் மைக்கில் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. மாரியம்மன் கோயிலில் மைக்செட் இருக்கிறது, தெருவுக்கு ஒரு தென்னை மரத்தில் ஹார்ன் கட்டியிருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கான ஹார்ன் நேராக எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்து இருக்கும். அதன் வழியாக ஒரு சாயங்காலம் சொன்னார்கள்: மோட்டார் வீட்டாருடன் யாரும் பேசக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, மீறுபவர்களுக்கும் இதே கதி. ஊரிலேயே முதலில் பம்புசெட் போட்டதால் எங்களுக்கு மோட்டார் வீடு என்று பெயர். அம்மா அப்போது ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தாளித்த கரண்டியோடு அப்படியே நின்றாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய்க்குப் பேர்போனவள். குழாயடியில் அவள் குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும், இவள் பேசிக்கொண்டே இருப்பாள். யாருடைய மருமகள் எத்தனை மாதம், யார் வீட்டு மாடு எப்போது கன்று போடும், எல்லாம் அத்துப்படி. அவளிடமிருந்துதான் எனக்கும் இந்த வாய். அப்படிப்பட்டவள் குழாயடிக்குப் போனால் அங்கே நிற்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள், இவள் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பியதும் பேச்சு மறுபடி ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் அம்மா குழாயடிக்குப் போவதை விட்டாள். பிறகு வீட்டிலும் பேச்சு குறைந்தது. அப்பாவோடு என்ன பேசுவது, எல்லாம் அவரால் வந்ததுதானே. ஒரு ஆட்சி கொடுத்த டிவியும் அடுத்த ஆட்சி கொடுத்த மிக்சியும் வீட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. "டிவியப் போட்டு உட்காரேம்மா" என்று ஒருநாள் சொன்னேன். "டிவியில பேசுறவங்களுக்கு நம்மளத் தெரியாதேடி" என்றாள்.

காலையில் குத்தாலத்தில் பாசஞ்சர் ஏறுவேன். எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேர் கும்பகோணத்துக்கு ஜவுளிக்கடை வேலைக்குப் போவார்கள். என்னோடு ஒன்றாய்ப் பள்ளிக்கூடம் போனவர்கள். அதே பெட்டியில் ஏறி, என் முகம் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். கும்பகோணத்தில் அவர்கள் இறங்கியதும் எனக்கு நிம்மதியாக இருக்கும். சுவாமிமலை தாண்டியதும் பெட்டி காலியாகிவிடும், அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறப்பேன்.

கல்லூரியில் வேறு மாதிரித் தனிமை. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். நாதஸ்வரக் குடும்பத்துப் பையன்கள், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர்கள், மைக்செட் கடைக்காரர்களின் பிள்ளைகள் என்று மற்றவர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு சத்தத்தோடு உறவு இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது. முதல் நாளே, "நீ பாடுவியா?" என்று ஒருத்தன் கேட்டான். "திட்டுவேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர்களும் பேசவில்லை. தப்பு என் வாயில்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பதிவு அறையைக் காட்டும்போது சார் பெருமையாகச் சொன்னார். சார் என்றால் எங்கள் ஆசிரியர், கல்யாண வீட்டு இன்னிசைக் குழுக்களுக்குக் கீபோர்டு வாசித்துவிட்டு இங்கே வந்தவர். சுவரெல்லாம் பஞ்சு, கதவு இரண்டு அடுக்கு. "உள்ள போயி நில்லுங்க. வெளிச் சத்தம் ஒண்ணும் கேக்காது. கொஞ்ச நேரத்துல காது ஒரு மாதிரி ஆயிடும், பயந்துராதீங்க" என்றார். பையன்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டு, அப்பா, என்னா மாதிரி இருக்கு என்று வெளியே வந்தார்கள். நானும் உள்ளே போய் நின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீடு போலத்தான் இருந்தது.

ஆனால் படிப்பு பிடித்துப்போனது, அதை மறைக்க மாட்டேன். மைக்கை எங்கே வைத்தால் என்ன கேட்கும் என்பது கணக்குப் போல இல்லை, சமையல் போல இருந்தது. ஒரு ஆள் பேசுவதைப் பதிவு செய்யும்போது ஒரு மைக் அவர் வாய்க்குப் பக்கத்தில், இன்னொரு மைக் அவர் இருக்கும் இடத்துக்காக என்று சார் சொல்லிக்கொடுத்தார். ஹெட்போனில் இடது காதில் ஆள், வலது காதில் இடம். பிறகு வேண்டியதை வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம். ஹெட்போனைப் போட்டுக்கொண்டால் யாரும் என்னோடு பேசவில்லை என்பது எனக்கு உறைக்காது. அதற்காகவே சும்மாவும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வருஷக் கடைசியில் ஒரு வேலை கொடுத்தார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் குரல், அவருடைய இடத்தில், பத்து நிமிஷம். பதிவு அறையில் எடுக்கக் கூடாது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து கேட்பார், அவர் கையெழுத்துப் போட்டால்தான் சர்டிபிகேட். சர்டிபிகேட் வாங்கியவர்களைச் சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் எடுத்துக்கொள்வதாகச் சார் சொல்லியிருந்தார். எனக்கு அந்த வேலை வேண்டும். கிடைக்காவிட்டால் நான் அந்த வீட்டில்தான். கல்யாணமும் ஆகாது, ஊர் ஒதுக்கி வைத்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அம்மா பேசாமல் போனது போல நானும் ஒருநாள் பேசாமல் போய்விடுவேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

பையன்களுக்கு அது ஒரு வேலையே இல்லை. சித்தப்பா, மாமா, டீக்கடைக்காரர் என்று ஆளுக்கொருவரைப் பிடித்துவிட்டார்கள். எனக்குத்தான் என்னோடு பேசுகிற ஒரு ஆள் கிடைக்கவில்லை. ரெக்கார்டரைக் கல்லூரியில் வாங்கிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டு அத்தையிடம் போனேன். அவர் வேலியோரம் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தார். "அத்தை, எனக்குப் பரீட்சை. பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்க. எங்கிட்ட பேச வேணாம், இந்த மைக்குகிட்ட பேசுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு காலடியில் நின்ற கோழியைப் பார்த்து, "போ, போ, யாராச்சும் பாத்தா வம்பு" என்றார். கோழி போகவில்லை. நான் போனேன்.

அப்பாவிடம் கேட்டேன். "எங் கையெழுத்தால பட்டது போதாதா, குரல் வேற வேணுமா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

மிச்சம் அம்மா. அப்போது பங்குனித் திருவிழா நடந்துகொண்டிருந்தது, சாயங்காலமானால் ஹார்ன் கத்தும். அதனால் பகலிலேயே முடித்துவிடலாம் என்று அம்மாவைச் சமையலறை ஜன்னலோரம் உட்கார வைத்து, காலர் மைக்கைப் புடவைத் தலைப்பில் மாட்டினேன். இன்னொரு மைக்கை ஜன்னல் கம்பியில் கட்டினேன். "பேசும்மா." "என்னத்தப் பேசுறது?" "ஏதாவது. நீ பொறந்த ஊரு, கல்யாணம், வத்தக்குழம்பு." அம்மா மைக்கைக் குனிந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். "வரல்லடி" என்றாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எல்லாரும் சேர்ந்து என்னை இந்த வீட்டிலேயே புதைக்கப் பார்க்கிறீர்கள் என்று கத்திவிட்டு, கூடத்தில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். கோபத்தில் ரெக்கார்டரை நிறுத்தவும் இல்லை, மைக்கைக் கழற்றவும் இல்லை. அம்மாவும் கழற்றவில்லை. நான் கத்திய பிறகு அவள் எதையும் தொடுவதற்குப் பயந்திருப்பாள்.

ஹார்ன் சத்தத்தில்தான் எழுந்தேன். வெயில் இறங்கிவிட்டிருந்தது. ரெக்கார்டர் ஞாபகம் வந்து நிலைப்படி ஓரம் போனேன். ஹெட்போன் அங்கே கிடந்தது. பதிவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறதா என்று பார்க்க மாட்டிக்கொண்டேன். அம்மா எனக்கு முதுகு காட்டி, முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வலது காதில் கோயில் மைக்.

"மாவிளக்கு போடும் பெண்கள் ஆறு மணிக்குள் கோயிலுக்கு வந்து சேருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இடது காதில் அம்மா சொன்னாள். "ஆறும்பீங்க, ஏழரை ஆக்கிடுவீங்க. நெய்ய ஊத்திட்டு வாயப் பாத்துக்கிட்டு உட்காரணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.

"நேற்றைய மண்டகப்படியைச் சிறப்பாக நடத்திக் கொடுத்த கீழத்தெரு ரைஸ்மில் வீட்டாருக்கு நன்றி."

"நல்லா இருங்க. மருமக பெத்துட்டாளா?" என்றாள் அம்மா. மொச்சை உரிக்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். "பொம்பளப் புள்ளையா? இருக்கட்டும், இருக்கட்டும். பிரசவம் சிரமமில்லையே?" மறுபடி கொஞ்ச நேரம். "அதானே."

"ஒரு குழந்தையின் கொலுசு கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்."

"பக்கத்து வீட்டுக்காரி பேத்தியோடதுங்க அது. திருகு கழண்டு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. வேலிக்கு இந்தப் பக்கத்துலேருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எப்படிச் சொல்றது, சொல்லுங்க."

அந்தக் குரலை நான் கேட்டு வருஷம் ஆகிறது. குழாயடிக் குரல். என்னிடம்கூட அவள் அப்படிப் பேசுவதில்லை. அசையாமல் நின்றேன். எங்களோடு பேசாதே என்று சொன்ன அதே ஹார்னோடு அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

அன்று ஆறாம் நாள். ஆறாம் நாள் மண்டகப்படி எங்களுடையது, அன்றைக்கு அம்மனுக்கு அலங்காரமும் பிரசாதமும் எங்கள் செலவு. அப்பா பரிவட்டம் கட்டிக்கொண்டு சாமி முன்னால் நிற்பார். இந்த வருஷம் என்ன செய்வார்கள் என்று நாங்கள் மூவரும் நினைத்துக்கொண்டிருந்தோம், ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"இன்று ஆறாம் நாள் மண்டகப்படி, உபயம், ஊர்ப் பொது."

அம்மாவின் கை நின்றது. ஹெட்போனில் அவள் மூச்சு கேட்டது. பிறகு மெதுவாக, திருத்திச் சொல்வது போலச் சொன்னாள்.

"நாங்கதாங்க அது."

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவளிடம் சொல்லிவிட்டேன், நீ பேசியது எல்லாம் பதிவாகிவிட்டது, காலேஜில் போட்டுக் காட்டட்டுமா என்று. அவள் வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். "போடு. அங்கயாச்சும் யாராச்சும் கேக்கட்டும்" என்றாள்.

சார் கேட்டார். ஒரு நிமிஷம்கூட முழுதாகக் கேட்கவில்லை. "வலது பக்கத்த எடுத்துடு. என்ன இது, மாரியம்மன் கோயில் மைக்செட்டு கத்துது. குரல் சுத்தமா வேணும்மா" என்றார். நான் வலது பக்கத்தை அணைத்தேன். ஹார்ன் போய்விட்டது. அம்மா மட்டும் இருந்தாள். மருமகள் பெற்றுவிட்டாளா என்று கேட்டாள். பதில் இல்லை. பெண் பிள்ளையா என்று கேட்டாள். பதில் இல்லை. எதிரில் ஒரு ஆள் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு அதானே என்றாள். வீட்டில் நேரில் கேட்டபோது எனக்கு ஆச்சரியம்தான் இருந்தது. இங்கேதான் அழுகை வந்தது. ஹெட்போனைக் கழற்றாமல் அழுதேன்.

"சார், அத எடுத்தா எங்கம்மா தனியா பேசிக்கிற மாதிரி ஆயிடும்" என்றேன்.

"தனியாத்தானே பேசுறாங்க?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

தேர்வாளர் சென்னையிலிருந்து வந்தார். நரைத்த தாடி, கையில் சொந்த ஹெட்போன். என் முறை வந்தபோது சார் சொன்னபடி இடது பக்கத்தை மட்டும் போட்டேன், அவர் ஹெட்போனுக்கும் அறை ஸ்பீக்கருக்கும். சார் என்னைத் திருப்தியாகப் பார்த்தார். அம்மா ஆறும்பீங்க, ஏழரை ஆக்கிடுவீங்க என்றதும் பின்னால் பையன்கள் சிரித்தார்கள். "ஃபோன்ல பேசுறாங்களா?" என்று ஒருத்தன் மெல்லக் கேட்டான். கொலுசு வரைக்கும் ஓடவிட்டேன். தேர்வாளர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"யார்கிட்டம்மா பேசுறாங்க?"

ஊரோடு என்றேன். முதலிலிருந்து ஆரம்பித்து, வலது பக்கத்தையும் ஏற்றினேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நாங்கதாங்க அது என்பது வரைக்கும் அவர் கேட்டார். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "ஹார்ன் ஒரு சுத்து தூக்கலா இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சென்னைக்கு வந்துவிட்டேன். கிடைத்த வேலை, சீரியல்களில் பேசுகிறவர்களின் குரலுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் துடைத்து எடுப்பது. மின்விசிறி, மூச்சு, தெருவில் போகிற வண்டி. குரல் சுத்தமாக வேண்டும். பெண்கள் விடுதியில் ஒரு கட்டில். பக்கத்துக் கட்டில்காரிக்கு என் ஊர் எதுவென்று தெரியாது, அவள் கேட்டதில்லை.

எண்ணெய் எதிர்பார்த்த மாதிரி இல்லையோ, எரிவாயு இல்லையோ, அந்தக் கம்பெனி ஒருநாள் குழாயை எல்லாம் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டது. வயல் எங்களிடமே திரும்பியது, ஜல்லியும் தாருமாக. ஊர்விலக்கு எப்போது முடிந்தது என்று சொல்ல முடியாது. மைக்கில் சொல்லி ஆரம்பித்தது, மைக்கில் சொல்லாமலே முடிந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் வேலிக்கு மேலாக முருங்கைக்கீரை நீட்டினாராம். "என்னம்மா பேசினாங்க?" என்று ஆசையாகக் கேட்டேன். "என்னமோ பேசினா. எனக்குத்தான் பதில் வரல்ல. கீரைய வாங்கிக்கிட்டு உள்ள வந்துட்டேன்" என்றாள் அம்மா.

அடுத்த பங்குனியில் ஆறாம் நாள் மண்டகப்படியை எங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் ஸ்டூடியோ மொட்டைமாடிக்கு வந்து அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். வீட்டில்தான் இருந்தாள். அப்பா மட்டும் கோயிலுக்குப் போயிருந்தார், பரிவட்டத்துக்கு.

"நீ போகலையா?"

"நான் போயி என்ன பண்ணப் போறேன். இங்கயே நல்லா கேக்குது."

"பேரு சொன்னாங்களா?"

"இரு, இரு. பேசுறாங்க" என்றாள். ஃபோனை ஜன்னலில் வைத்துவிட்டாள், கம்பியில் பட்ட சத்தம் கேட்டது. பிறகு ஹார்ன்.

"இன்று ஆறாம் நாள் மண்டகப்படி, உபயம், மேலத்தெரு மோட்டார் வீட்டார்."

அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்த இரண்டு சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

"நல்லா இருங்க" என்றாள் அம்மா, மற்ற வீட்டாரிடம் சொல்வது போலவே. "உங்க பொண்ணு மெட்ராஸ்ல இருக்காளாமே. திருவிழாவுக்குக்கூட வரலையா?"

பதிலுக்குக் காத்திருந்தாள்.

"இங்கதாம்மா இருக்கேன்" என்றேன். ஃபோன் ஜன்னலில் இருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை.

"அதானே" என்றாள்.